ஒரு அடி குறைந்த தெரு

டேப்பின் முனை பிய்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று போன மாதம் ஆபீஸ் பக்கம் வந்தபோது, புது ஓவர்சியர்களான உங்களில் ஒருவரைக் கேட்டேன். "புதுசுக்கு எழுதிப் போடுவோம் அண்ணே" என்றார் அந்தத் தம்பி. இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு கருவியை எடுத்து, எதிர்ச் சுவரில் சிவப்புப் பொட்டு வைத்துக் காட்டினார். பொட்டு விழுந்ததும் அளவு வந்துவிட்டது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தக் கருவிக்கு வாய் கிடையாது. எனக்கு வாய் இருந்ததால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நான் இந்த ஆபீசில் டேப் பிடித்தவன். புது வீடு கட்ட யாராவது படம் கொடுத்தால், அந்தப் படத்தை அனுமதி கொடுக்கிற குழு பார்ப்பதற்கு முன்னால் ஓவர்சியர் நேரில் போய் இடத்தையும் தெருவையும் அளந்து எழுத வேண்டும். டேப்புக்கு இரண்டு முனை உண்டு. படித்தவர் ஒரு முனை, படிக்காதவன் ஒரு முனை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து அவ்வளவாக வராது, எண் வரும். எண்ணையும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது, டேப்பில்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் பதினேழு என்றால் எனக்குப் பதினேழாவது அடிக்கு மேல் இருந்த ஒரு மைக்கறைதான் ஞாபகம் வரும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் பாதி திருத்திவிடுகிறாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் பழைய டேப் துணி டேப். முனையில் பித்தளை வளையம் இருந்தது. யார் காலத்தில் பிய்ந்ததோ தெரியாது, நான் சேர்ந்தபோதே வளையமும் இல்லை, முதல் அரை அடியும் இல்லை. அதனால் நான் ஒன்றாவது அடிக் கோட்டைச் சுவரில் வைத்துப் பிடிப்பேன். பிடித்ததும் "ஒண்ணு!" என்று கத்த வேண்டும். அந்தப் பக்கம் ஓவர்சியர் என்ன அளவு வருகிறதோ அதில் ஒரு அடியைக் கழித்து எழுதிக்கொள்வார். நான் கத்தவில்லை என்றால் அவர் எழுத மாட்டார். இதுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம். நாலு வருஷம் ஒரே ஓவர்சியரோடு இப்படியே புதுச்சேரி முழுக்க அளந்தோம். லாஸ்பேட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில் நாங்கள் அளக்கும்போது அவர் வளர்த்த கிளி ஒரே நாளில் "ஒண்ணு" சொல்லக் கற்றுக்கொண்டது. வாத்தியார் எங்களைத் திட்டித் தீர்த்தார். அதை விடுங்கள், கிளிக் கதை சொல்ல வரவில்லை.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம். மார்ச் கடைசி. ஒரு நாள் காலையில் ஓவர்சியர் ஒரு புது டேப்பைக் கொண்டுவந்து, என் முன்னாலேயே பாலிதீன் உறையைக் கிழித்து எடுத்தார். வளையம் பளபளவென்று இருந்தது. "இன்னிக்கு உனக்குத் தீவாளிய்யா" என்றார். அதை எடுத்துக்கொண்டு முதலில் போனது முத்தியால்பேட்டைக்கு.

அங்கே ஒரு சந்துக்குள் காதர் பாய் என்ற தச்சரின் வீடு. பழைய ஓட்டு வீடு பாதி விழுந்துவிட்டது. அதை இடித்துவிட்டு, கீழே ஒரு கட்டு, மேலே ஒரு மாடி என்று புதிதாகக் கட்ட மனு கொடுத்திருந்தார். சந்து சின்னது. அப்போது எங்கள் குழு வைத்திருந்த கணக்கு இதுதான்: சுவருக்குச் சுவர் பத்தடி இல்லாத தெருவில் மாடி கிடையாது. தீ வண்டி வர வேண்டும், காற்று வர வேண்டும், எதிர்வீட்டுக்காரருக்கு வெளிச்சம் வேண்டும். நியாயமான கணக்குதான்.

நான் வளையத்தைக் காதர் பாய் சுவரில் வைத்தேன். ஓவர்சியர் எதிர்ச் சுவருக்குப் போனார். அளந்தார், எழுதினார். இரண்டாம் தரமும் அளந்தார், எழுதினார். காதர் பாயின் மனைவி எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் ரோஸ்மில்க் கொடுத்தார். வெயிலுக்கு இதமாக இருந்தது. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

குழு மே மாதம் கூடியது. மாடியில் ஒரு நீள அறை. படங்களைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டுவது, கூப்பிட்ட ஆளை உள்ளே அனுப்புவது, டீ கொடுப்பது, இவையெல்லாம் என் வேலை. குழுவின் தலைவர் ஒரு ரிட்டயர்டு என்ஜினியர். பேசினால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. அவருக்குப் பக்கத்தில் உட்காருகிற அம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நம் ஊர்க்காரர், பிரெஞ்சு குடியுரிமை. புது வீட்டின் முகப்பு பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார் என்றால் யாருக்கோ சனி என்று அர்த்தம்.

காதர் பாய் உள்ளே வந்தார். படத்தை அவரே வரைந்திருந்தார். லைசென்ஸ் வைத்திருந்தவர் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். மதாம் எழுந்துபோய்ப் பலகைக்குக் கிட்டத்தில் நின்று பார்த்தார். மாடிக்கு மரத் தூண், மேலே ஓட்டுச் சரிவு, கீழே பழைய வாசலையே திருப்பி வைக்கிற மாதிரி போட்டிருந்தார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் மதாம். பென்சில் புடிக்கிற தொழில்தானே."

"நல்லா இருக்கு" என்றார் மதாம். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தலைவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு குடும்ப வீடுன்னு போட்டிருக்கீங்க. மேல யாரு, கீழ யாரு?"

"கீழ நானும் சம்சாரமும். மேல தம்பி சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க. தம்பி போன வருஷம் மவுத்தாயிட்டான் சார். அடுப்பு ஒண்ணுதான். படத்துலயே பாருங்க, மேல அடுப்படி கெடையாது."

"அதெல்லாம் சரி. தெரு ஒன்பதே கால் அடி. மாடி கிடையாது. கீழ் கட்டு மட்டும் கட்டிக்கலாம்."

"ஒன்பதே காலா? பத்தே கால் சார். நானே அளந்தேன்."

"எதுல அளந்தீங்க?"

"என் கோலுல."

குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். "எங்க டேப்பு கவர்மெண்டு டேப்பு, பாய்" என்றார் ஓவர்சியர். கேலியாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். மதாம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல் தளத்த எடுத்துட்டா இந்த முகப்பு தொப்பி போடாத போலீஸ்காரன் மாதிரி இருக்குமே" என்றார். நம் ஊர்ப் போலீஸ்காரருக்குச் சிவப்புத் தொப்பி இல்லையென்றால் பாதி ஆள் காணாமல்போன மாதிரிதானே இருக்கும். தலைவர் சிரிக்கவில்லை. "அளவு அளவுதான். அடுத்த பைல்."

காதர் பாய் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் டீத் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தேன். எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. அவர் சொன்னது பத்தே கால். நாங்கள் எழுதியது ஒன்பதே கால். தச்சன் கோல் தப்பாகலாம். ஆனால் தப்பானால் இரண்டு விரல் தப்பாகும், நாலு விரல் தப்பாகும். அதென்ன கணக்காக ஒரு அடி?

அன்றைக்குப் புது டேப். வளையத்தை வைத்துத்தான் பிடித்தேன். அது கைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாய் என்ன செய்தது? கத்தினேனா, கத்தவில்லையா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நான் குறட்டை விடுகிறேன் என்று என் சம்சாரம் முப்பது வருஷமாகச் சொல்கிறாள், ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. பழக்கமும் அப்படித்தான். தினம் செய்கிறவனுக்குத் தான் செய்வது தெரியாது.

டீ டம்ளர்களைப் பொறுக்குகிற சாக்கில் வராந்தாவுக்குப் போனேன். காதர் பாய் பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டிய படத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு விஷயம் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு டேப்பு புடிக்கச்சே நான் ஏதாவது கத்துனேனா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆமா, கத்துனீங்க. 'ஒண்ணு'ன்னு. ரெண்டாம் தபாவும் அதேதான். என் சம்சாரம் உள்ளாரேந்து, இன்னாங்க, ஊட்ட ஏலம் உடுறாங்களா, ரெண்டு மூணு சொல்றதுக்குள்ள போய்ப் பாருங்கன்னா. அவ்ளோ சிரிச்சோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளையத்தை வைத்துவிட்டு "ஒண்ணு" என்று கத்தியிருக்கிறேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஓவர்சியரின் கை தானாக ஒரு அடியைக் கழித்துவிட்டது. காதர் பாயின் தெருவில் ஒரு அடியை நான் வாயால் தின்றிருக்கிறேன்.

"அடுத்த தபா திருப்பி மனு போடலாமாண்ணே?" என்று கேட்டார் அவர்.

"போடலாம். ஏன், அவசரமா?"

"தம்பியோட மாமனாரு திண்டிவனத்துலேந்து வந்து காலையிலேந்து ஊட்ல ஒக்காந்திருக்காரு. பாதி இடிஞ்ச ஊட்ல பொண்ணையும் பேத்திங்களையும் எத்தினி நாளைக்கு வச்சிருப்பீங்கன்னு கேக்குறாரு. அவரு கேக்குறதும் ஞாயம்தானே. மாடி வந்துடும், ஆறு மாசம் பொறுங்கன்னு நாக்கு தள்ளச் சொல்லி வச்சிருந்தேன். இன்னிக்கு இல்லன்னு ஆயிட்டா கையோட கூட்டிக்கினு பூடுவாரு. பசங்களுக்கு டி.சி. கேட்டுக் கூட எழுதியாச்சு." நூலை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "பெரிய பொண்ணு அப்படியே என் தம்பிண்ணே. நடக்குறது கூட."

எங்கள் குழுவில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பைலுக்கும் முடிவைச் சொல்லிவிடுவார்கள், ஆனால் கையெழுத்து கடைசியில் மொத்தமாகத்தான். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பைல் மூடியதுதான். திரும்ப மனு, திரும்பக் கூட்டம். இன்னும் மூன்று பைல் பாக்கி இருந்தது. எனக்கிருந்த நேரம் அந்த மூன்று பைல்தான்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் பைல் முழுக்க நான் பயந்துகொண்டுதான் நின்றேன். அப்போது நான் தினக்கூலி. நிரந்தரம் பண்ணும் லிஸ்டில் என் பேர் போயிருந்தது. டீ கொடுக்கிறவன் கூட்டத்தில் வாயைத் திறந்ததே கிடையாது. அதைவிடப் பெரிய பயம் ஓவர்சியரைப் பற்றி. நல்ல மனுஷன். என் மகளுக்கு ஜுரம் வந்தபோது அவருடைய ஸ்கூட்டரில்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் தலைவருக்குப் பக்கத்தில் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பைலும் முடிந்தது. மூன்றாவது ஏதோ சமையலறை ஜன்னல் விவகாரம். இரண்டே நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சார்" என்றேன். தட்டை ஜன்னல் திட்டில் வைத்தேன். "முத்தியால்பேட்டை அளவு தப்பு சார். நான்தான் தப்பாக் கத்திட்டேன்."

அறையில் யாருக்கும் புரியவில்லை. தலைவர் ஓவர்சியரைப் பார்த்தார். நான் பழைய டேப், புது டேப், வளையம், கத்துகிற பழக்கம், எல்லாவற்றையும் தலைகீழாகவும் குறுக்காகவும் சொன்னேன். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. ஓவர்சியரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இன்னாய்யா இவன் சொல்றது?" என்றார் தலைவர்.

அந்த இடத்தில் ஓவர்சியர் என்னைக் கைவிட்டிருக்கலாம். படிக்காதவன், ஏதோ உளறுகிறான், அந்த வீட்டில் ரோஸ்மில்க் குடித்தவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வீட்டுக்குப் போயிருப்பேன், அவர் எழுதிய அளவு நின்றிருக்கும். அவர் கையிலிருந்த படத்தை மடித்து மேஜையில் வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"சரியாத்தான் சொல்றாரு சார். கத்துனது அவரு வாய்தான், ஆனா கழிச்சது என் கை. டேப்பு புதுசுன்னு எனக்குத் தெரியும், காலையில நான்தான் உறையக் கிழிச்சேன். ரெண்டு தபா அளந்தேன், ரெண்டு தபாவும் யோசிக்காம கழிச்சேன். தப்பு என்னுதுன்னு எழுதிக்குங்க."

பிள்ளைகளே, நான் பார்த்த ஓவர்சியர்களில் கணக்குப் பிழையே செய்யாதவர்கள் உண்டு. அவர்கள் பேரெல்லாம் மறந்துவிட்டது. அன்றைக்கு எழுந்து நின்றவர் மேஜையில் கையை ஊன்றிய விதம்கூட எனக்கு மறக்கவில்லை.

தலைவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்ல தலைவர் என்பதற்கு அந்தக் கேள்வியே போதும். "அன்னிக்கு அந்த டேப்பால வேற எங்கெல்லாம் அளந்தீங்க?"

"இன்னும் ரெண்டு வீடு சார். மறுநாள்லேந்து எங்களச் சுனாமி நிவாரண வேலைக்குப் போட்டுட்டாங்க, வேற எதையும் அளக்கல."

"அந்த ரெண்டையும் நாளைக்குத் திருப்பி அளங்க. இத அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்."

"அடுத்த கூட்டம் எப்போ?" என்றார் மதாம். "ஜூலையில. அப்ப நான் பாரிசுல மக வீட்ல இருப்பேன். எனக்கு இந்த வீட்டு மேல கையெழுத்துப் போடணும். முத்தியால்பேட்டை இன்னா டெல்லியிலயா இருக்கு? ஜீப்பு கீழதானே நிக்குது."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. பேனாவை மூடிப் பையில் சொருகினார். "வாங்க."

மே மாத வெயிலில் ஒரே ஜீப்பில் தலைவர், மதாம், ஓவர்சியர், இன்னும் வராந்தா பெஞ்சிலேயே இருந்த காதர் பாய், நான். போகிற வழியில் ஓவர்சியர் ஒரு பெட்டிக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். திரும்பி வந்து என் கையில் ஒரு புளிப்பு மிட்டாயைத் திணித்தார். "அளக்கச்சே இத வாயில போட்டுக்க. மென்னு முழுங்கக் கூடாது, அளந்து முடியற வரைக்கும் வாயிலயே இருக்கணும்." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சந்துக்குள் நாங்கள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. காதர் பாய் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, மடியில் குடை. திண்டிவனத்து மாமனார் அவர்தான். அவர் காலடியில் இரண்டு பை. ஒன்று அவருடைய ரெக்சின் பை. இன்னொன்று பெரிய துணிப்பை, வாய் கட்டி வைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் தம்பியின் மனைவி மைமூன் நின்றார். புடவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகள்.

நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வளையத்தைச் சுவரில் வைத்தேன். காதர் பாய் மனைவி ஜன்னல் வழியாக, "இன்னாண்ணே, இன்னிக்கு ஏலம் இல்லியா?" என்றார். தெருவே சிரித்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அளவைப் படிக்க ஓவர்சியரை விடவில்லை தலைவர். மதாமைப் படிக்கச் சொன்னார். மதாம் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரில் குனிந்தார்.

"பத்து. மூணு அங்குலம்."

"இன்னொரு இடத்துல."

நான்கு அடி தள்ளிப் பிடித்தேன். "பத்து. ரெண்டரை."

"சந்து சுருங்கற எடம் எது?" என்றார் தலைவர். அந்த மனுஷன் சும்மா விடுகிற ஆள் இல்லை. காதர் பாய் தன் வீட்டு மூலையைக் காட்டினார். அங்கே எதிர்ச் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. காதர் பாய் முகத்தில் ரத்தமே இல்லை. நான் முட்டி போட்டு வளையத்தை அழுத்திப் பிடித்தேன். மிட்டாய் கரைந்துவிட்டது, வாயை மட்டும் மூடியே வைத்திருந்தேன். ஓவர்சியர் டேப்பை இழுத்து விறைப்பாகப் பிடித்தார். மதாம் இரண்டு தரம் பார்த்தார்.

"பத்து" என்றார். "பத்துக்கு மேல ஒரு நூல்."

"நூல் வேணாம். பத்து போதும்" என்றார் தலைவர். பைலை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். காதர் பாய் ஓடிப்போய்த் தன் இழைப்புப் பலகையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அதன்மேல் வைத்துத்தான் கையெழுத்து விழுந்தது. மதாமும் போட்டார். ஓவர்சியர் பழைய அளவின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புது அளவை எழுதி, 'தவறு என்னுடையது' என்று அதற்குக் கீழே எழுதித் தேதியும் போட்டார். எனக்கு எழுத்து வராது என்றேன் அல்லவா, என்ன எழுதினார் என்பதை ஜீப்பில் திரும்பும்போது மதாம்தான் எனக்குச் சொன்னார். அதனால் ஓவர்சியருக்குக் குறை ஒன்றும் வரவில்லை. எனக்கும் அடுத்த வருஷம் நிரந்தரம் வந்தது. மற்ற இரண்டு வீட்டையும் மறுநாள் அளந்தோம். அங்கேயும் ஒவ்வொரு அடி கூடியது, ஆனால் முடிவு எதுவும் மாறவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தப்பு நடக்கும். புதுப் பொருள் வருகிற அன்றைக்குப் பழைய பழக்கம் கூடவே வரும், அன்றைக்கு ஒரு தரம் கூடுதலாகப் பாருங்கள். தெரிந்த பிறகு பேனா மூடி திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கிறவன் சொன்னால் எழுந்து நில்லுங்கள். படத்தில் இருப்பது கோடு, அந்தக் கோட்டுக்குள் யாரோ பை கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

கையெழுத்து ஆனதும் காதர் பாய் அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் உளிகளை எடுத்து ஒழுங்காக அடுக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது மைமூன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. பெரியவரின் காலடியில் இருந்த துணிப்பையை எடுத்துப் பெரிய பெண்ணின் கையில் கொடுத்து உள்ளே கொண்டுபோகச் சொன்னார். ரெக்சின் பையை அது இருந்த இடத்திலேயே விட்டார்.

"அத்தா, சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. மூணு மணிக்குத் திண்டிவனம் பஸ் இருக்கு."

பெரியவர் மகளைப் பார்த்தார், இழைப்புப் பலகையைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து, இடிந்த ஓட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லாத ஆகாயத்தைப் பார்த்தார்.

"தளம் போடுற அன்னிக்கு ஒரு போன் போடு மாப்ள" என்றார் காதர் பாயிடம். "கலவ தூக்க ஆள் வேணும்ல."